டெஸ்லா நிலையத்தில் ஹூண்டாய் காரை சார்ஜ் செய்ய முடியுமா? நன்னிலத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ஒஹாயோவின் கொலம்பஸ் நகருக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், 2023ஆம் ஆண்டு ஹூண்டாய் அயோனிக் 5 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பதாகவும், நெடுஞ்சாலையில் டெஸ்லாவின் சார்ஜிங் நிலையங்களே கண்ணில் படுவதால் அங்கே ஹூண்டாய் வண்டியை அனுமதிப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் பாபநாசத்துக்காரன். டெட்ராய்ட் பக்கம் குடியேறிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. பொங்கலுக்கு ஊர் வந்திருக்கிறேன்; வயலில் அறுவடை இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு நடுவே திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அனுமதிப்பார்கள். ஆனால் அதை மட்டுமே நம்பி அந்த வண்டியை வாங்காதீர்கள்.

நம் ஊரில் சொந்த பம்புசெட் இல்லாதவர், ஆற்றில் முறை வராத நாட்களில் பக்கத்து வயல்காரரிடம் மணிக்கு இவ்வளவு என்று பேசித் தண்ணீர் வாங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழாயின் வாய் அளவு ஒத்துவராவிட்டால் நடுவில் ரெடியூசர் போட வேண்டும். வாடகை நமக்குக் கூடுதலாகத்தான் இருக்கும். டெஸ்லா நிலையத்தில் வேறு நிறுவன வண்டியோடு போகும் அயல் வண்டிக்காரரின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

2023 ஜனவரியில், என்னுடைய ஃபோர்டு மஸ்டங் மாக்-இ வண்டியில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு பிட்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பேட்டரி 12 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் இருந்த வேறொரு நிறுவனத்தின் அதிவேக சார்ஜர்களைத் தேடிப் போனோம். நான்கில் இரண்டு திரை இருண்டு கிடந்தன, மூன்றாவது என் அட்டையை ஏற்கவில்லை, நான்காவதில் ஒருவர் 90 சதவீதத்தைத் தாண்டியும் வண்டியை எடுக்காமல் காபி குடித்துக்கொண்டிருந்தார். சாலைக்கு எதிர்ப்புறம் டெஸ்லாவின் எட்டு சார்ஜிங் தூண்கள். நின்றவை இரண்டே வண்டிகள். “பக்கத்து வாய்க்காலில்தான் தண்ணீர் ஓடுகிறதே, மடையைத் திறந்துவிட ஆள் இல்லையா?” என்று அம்மா கேட்டார். அப்போது இல்லை. டெஸ்லா தன் கனெக்டரின் (வண்டியில் செருகும் கேபிள் முனையின்) வடிவமைப்பை 2022 நவம்பரில் வெளியிட்டிருந்தாலும், ஃபோர்டு டெஸ்லாவின் சார்ஜிங் வலையமைப்பில் சேர்வதாக அறிவித்தது 2023 மே மாதத்தில்தான். ஃபோர்டு வண்டிகளுக்கு அது நடைமுறையில் திறந்தது 2024 பிப்ரவரி 29 அன்று. ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று எங்கள் அப்பா நாள் எண்ணியதுபோல் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு ஜெனரல் மோட்டார்ஸ், ஹூண்டாய், கியா முதலான நிறுவனங்களின் வண்டிகளுக்கும் கதவு திறந்தது.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டு அயோனிக் 5 வண்டியில் இருப்பது சி.சி.எஸ். போர்ட், அதாவது டெஸ்லா அல்லாத பல வண்டிகளில் இருக்கும் சார்ஜிங் துளை; டெஸ்லாவின் கேபிள் முனை வேறு. எனவே அதிவேக சார்ஜுக்கென்றே செய்யப்பட்ட டி.சி. (நேர்மின்) அடாப்டர் ஒன்று வேண்டும். வீட்டில் மெதுவாக சார்ஜ் செய்வதற்கான ஏ.சி. (மாறுமின்) அடாப்டரும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆனால் அதை அதிவேக நிலையத்தில் பயன்படுத்தக் கூடாது. என் அலுவலக நண்பர் ஒருவர் மலிவாகக் கிடைத்த பெயர் தெரியாத அடாப்டரை வாங்கி, ஒரே பயணத்தில் அது கை வைக்க முடியாதபடி சூடேறிய பிறகு தூக்கி எறிந்தார். வண்டி நிறுவனம் ஒப்புதல் அளித்ததையே வாங்குங்கள். சார்ஜ் முடிந்ததும் அதைக் கேபிளோடு தூணில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். இப்படி மறந்தவர்கள் ஏராளம், நானும் ஒருமுறை பாதி வழியிலிருந்து திரும்பினேன்.

எல்லா டெஸ்லா நிலையங்களும் நமக்கு உரியவை அல்ல. 150 கிலோவாட் (மின்சாரம் ஏறும் வேகத்தின் அளவு) வரை கொடுக்கும் பழைய தலைமுறைத் தூண்களில் அயல் வண்டிகளுக்கு இடமில்லை. டெஸ்லா செயலியில் உங்கள் வண்டியைச் சேர்த்துக்கொண்டால் உங்களுக்குத் திறந்திருக்கும் நிலையங்களை அது காட்டும். நிலையத்தைத் தேர்ந்து, கேபிளைச் செருகி, தூணில் எழுதியிருக்கும் எண்ணைச் செயலியில் தொட்டால் மின்சாரம் ஏறத் தொடங்கும். அட்டை தேய்க்கும் வேலை இல்லை.

வேகத்தைப் பற்றி விற்பவர்கள் எளிதில் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அயோனிக் 5 என்பது 800 வோல்ட் வகையைச் சேர்ந்த வண்டி. 350 கிலோவாட் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடத்தில் ஏறும் என்று ஹூண்டாய் சொல்லும் கணக்கு அந்த உயர் மின்னழுத்தத்தை வைத்துச் சொல்லப்படுவது. இன்று பரவலாக இருக்கும் மூன்றாம் தலைமுறை டெஸ்லா நிலையங்கள் 250 கிலோவாட் வரை கொடுக்கக் கூடியவைதான், ஆனால் அவற்றின் மின்னழுத்தம் ஏறத்தாழ 500 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. வண்டி அதைத் தன் பின்பக்க மோட்டார், அதை இயக்கும் இன்வெர்ட்டர் (மின்மாற்றுக் கருவி) வழியாக உயர்த்தி பேட்டரிக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், 18 நிமிட வேலைக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். 400 வோல்ட் வண்டியான என் ஃபோர்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே நன்றாக வேலை செய்யும் 350 கிலோவாட் நிலையம் வழியில் இருந்தால் நீங்கள் அங்கே போவதே புத்திசாலித்தனம்; டெஸ்லாவைக் கைகாவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்லா வண்டியின் போர்ட் இடப்பக்கப் பின்புறம் இருப்பதால் அந்த அளவுக்கே கேபிளைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். அயோனிக் 5 வண்டியின் போர்ட் வலப்பக்கப் பின்புறம். பின்னோக்கி நிறுத்தினால் அடுத்த இடத்துக்கான தூணின் கேபிள்தான் எட்டும், இதனால் ஒருவர் இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டதாகிவிடும். வரிசையின் ஓரத்தில் இடம் பாருங்கள். கூட்டமாக இருந்தால் பின்னால் வருபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நீளமான கேபிள் கொண்ட புதிய தூண்கள் இருக்கும் நிலையங்களில் இந்தச் சங்கடம் இல்லை.

கட்டணம் அயல் வண்டிகளுக்குக் கூடுதல். மாதச் சந்தா கட்டினால் டெஸ்லாக்காரர் கொடுக்கும் விலைக்கே கிடைக்கும் என்பதால், நெடும்பயணம் இருக்கும் மாதத்தில் மட்டும் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால், நிலையம் நிரம்பியிருக்கும் வேளையில் நிமிடத்துக்கு 1 டாலர் வரை தண்டம் விழும். 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகவே ஏறும், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

எந்த அதிவேக நிலையமும் வீட்டு மின்சாரத்தை விடப் பெரும்பாலும் இரண்டு மூன்று பங்கு விலை வைக்கும். அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஹூண்டாய்க் கடைக்காரரை அல்ல, உங்கள் அடுக்குமாடி அலுவலகத்தை. தஞ்சாவூரில் என் மைத்துனர் தம் டாடா நெக்ஸான் மின்வண்டியை ஏர் கண்டிஷனருக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கிலேயே 3 கிலோவாட் அளவில் சார்ஜ் செய்துவிடுகிறார். அமெரிக்காவின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் அதில் பாதிகூட வராது. இரவு முழுக்கப் போட்டாலும் நாற்பது ஐம்பது மைல்தான் ஏறும். கொலம்பஸின் குளிரில் அதுவும் குறையும். வண்டி நிறுத்துமிடத்தில் 240 வோல்ட் சார்ஜர் இருக்கிறதா, இல்லையென்றால் போட்டுத் தருவார்களா என்று விசாரியுங்கள். இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள்; பழைய உரிமையாளர் டி.சி. அடாப்டர் வைத்திருந்தால் அதையும் பேரத்தில் சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்றால், வீடு மாறும் வரை பெட்ரோல் வண்டியே போதும்.