குவாசார் எந்த ஹாலோவுல குடியிருக்கு?

கேள்வி (ஈரோட்டுலருந்து ஒரு வாசகர்): சார், டார்க் மேட்டர் கண்ணுக்கே தெரியாதுங்கறீங்க. அப்புறம் இந்த டார்க் மேட்டர் ஹாலோவுக்குள்ள இத்தனை கேலக்ஸி இருக்குன்னு எப்படி கணக்கு சொல்றாங்க? யாரு உள்ள போய் பாத்தாங்க?

பதில்: யாரும் பாக்கல, பாக்கவும் முடியாது. ஹாலோன்னா ஈர்ப்பால ஒண்ணு சேர்ந்து உருண்டையா கிடக்கற டார்க் மேட்டர் குவியல், கேலக்ஸி பொறக்கறது அதுக்குள்ளதான். நமக்கு தெரியறது கேலக்ஸி மட்டும்தான். ஆனா கேலக்ஸிங்க வானத்துல கண்டபடி இறைஞ்சு கிடக்கல, கொத்து கொத்தா இருக்கு, அந்த கொத்து சேர்ற விதத்துலதான் மொத்த துப்பும் இருக்கு. ஒரு பெரிய சர்வேல இருக்கற கேலக்ஸிகள ஜோடி ஜோடியா எடுத்து, பத்து லட்சம் ஒளியாண்டு இடைவெளில எத்தனை ஜோடி, ஒரு கோடி ஒளியாண்டு இடைவெளில எத்தனை ஜோடின்னு எண்ணுவாங்க, அப்புறம் கம்ப்யூட்டர்ல அதே வானப்பரப்புல சும்மா புள்ளிய தெளிச்சு விட்டு அதுலயும் ஜோடி எண்ணுவாங்க, நிஜ வானத்துல எவ்வளவு எக்ஸ்ட்ரா வருதோ அதுதான் கொத்து சேர்ற அளவு.

1970கள்ல ஜிம் பீபிள்ஸ் மாதிரி பிரபஞ்ச ஆராய்ச்சிக்காரங்க இத கிராஃப் போட்டப்ப, லாக் அளவுல கிட்டத்தட்ட நேர்கோடா வந்துச்சு. ரொம்ப வருஷம் அது நேர்கோடுன்னே பாடம் நடந்துச்சு. 2004-ல ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வேன்னு வானத்த பெருசா அளந்த ஒரு சர்வேயோட டேட்டாவ வெச்சு பாத்தா, ஐம்பது லட்சம் ஒளியாண்டு பக்கத்துல கோடு லேசா வளையுது. சின்ன வளைவுதான், ஆனா எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே புடிச்ச இடம் அதுதான். ஏன்னா அதவிட கிட்ட இருக்கற ஜோடிங்க பெரும்பாலும் ஒரே ஹாலோவுக்குள்ள இருக்கற ரெண்டு கேலக்ஸி, அதவிட தூர ஜோடிங்க இந்த ஹாலோ ஒண்ணு அந்த ஹாலோ ஒண்ணு. ஒரு கணக்கு முடிஞ்சு இன்னொரு கணக்கு ஆரம்பிக்கற எடத்துலதான் கோடு வளையுது. ஒரு ஹாலோல எத்தனை கேலக்ஸி இருந்தா இந்த வளைவு சரியா வரும்னு பின்னாடியிருந்து கணக்கு போட்டு எடுக்கறாங்க, அதுக்கு பேரு ஹாலோ ஆக்யுபேஷன் டிஸ்ட்ரிப்யூஷன், சுருக்கமா எச்.ஓ.டி.

அந்த கணக்குல வர்ற விடை ரொம்ப சிம்பிள். ஹாலோவோட எடை ஒரு அளவ தாண்டினா நடுவுல ஒரு பெரிய கேலக்ஸி, அது எப்பவும் ஒண்ணுதான். அதுக்கு மேல எடை ஏற ஏற சுத்தி சேட்டிலைட் கேலக்ஸிங்க கூடும், எடை பத்து மடங்கு ஆனா சேட்டிலைட்டும் ஏறக்குறைய பத்து மடங்கு.

கேள்வி (திருநெல்வேலி, ஒரு வாசகி): அப்போ நம்ம பால்வீதி ஹாலோல எத்தனை பேரு?

பதில்: நடுவுல நாம. சுத்தி இதுவரைக்கும் கண்டுபிடிச்சது சுமார் அறுபது குட்டி கேலக்ஸி, அதுல பெருசு ரெண்டு மெகல்லன் மேகங்கள். மொத்த ஹாலோ எடை ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி சூரியன், அதுல நட்சத்திரமா இருக்கறது ஒரு ஐயாயிரம் கோடி சூரியன் அளவுதான். இதுக்கு நேர் எதிர் கோமா கிளஸ்டர். அது ஆயிரம் கேலக்ஸிக்கு மேல இருக்கற ராட்சச ஹாலோ. அங்க கேலக்ஸிங்க ஓடற வேகத்த 1933-ல பாத்துட்டுத்தான் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி கண்ணுக்கு தெரியாத எடை ஏதோ இருக்குன்னு சொன்னாரு, அப்ப பெருசா யாரும் காதுல போட்டுக்கல.

கேள்வி (காலேஜ் ஸ்டூடண்ட், சேலம்): எல்லா ஹாலோவுலயும் கேலக்ஸி கட்டாயம் இருக்குமா சார்? காலியா எதுவும் கிடையாதா?

பதில்: காலி ஹாலோதான் தம்பி ஜாஸ்தி. பால்வீதிய சுத்தி நூத்துக்கணக்குல குட்டி ஹாலோ இருக்கணும்னு 1999-லயே சிமுலேஷன் சொல்லிடுச்சு, அப்ப கைல இருந்த சேட்டிலைட் பத்து சொச்சம்தான், பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. ரொம்ப சின்ன ஹாலோவுக்கு கேஸ புடிச்சு வெச்சுக்கற அளவு ஈர்ப்பு இல்ல. ஆரம்பகால நட்சத்திரங்களோட அல்ட்ராவயலட் ஒளி சுத்தி இருக்கற கேஸ சூடாக்கி விட்டுடுச்சு, சூடான கேஸ் உள்ள இறங்காது. அதுக்கு கொஞ்சம் மேல இருக்கற ஹாலோல நட்சத்திரம் பொறக்கும், ஆனா சூப்பர்நோவா வெடிச்சு மிச்ச கேஸ வெளிய தள்ளிடும்.

சரி, பெரிய ஹாலோல நல்லா பொறக்கும்னு நெனைப்பீங்க, அங்கயும் இல்ல. அங்க நடு கேலக்ஸியோட ப்ளாக் ஹோல் சுத்தி இருக்கற கேஸ குளிர விடாம சூடாக்கிட்டே இருக்கு. பெர்சியஸ் கிளஸ்டர சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப்ல எடுத்த படத்த பாருங்க, நடு கேலக்ஸியோட ரெண்டு பக்கமும் கேஸ்ல பெரிய பெரிய குமிழி தெரியும், ப்ளாக் ஹோல்லருந்து கிளம்பின ஜெட் ஊதினது. ரெண்டுக்கும் நடுவுல, நம்ம பால்வீதி சைஸ் ஹாலோதான் நட்சத்திரம் செய்யறதுல கெட்டி, அங்கயே தன் பங்குக்கு கெடச்ச சாதாரண மேட்டர்ல அஞ்சுல ஒரு பங்குதான் நட்சத்திரமாச்சு.

கேள்வி (மதுரை வாசகர்): குவாசார் மட்டும் ஸ்பெஷலா பெரிய ஹாலோலதான் இருக்குமாமே, அவ்ளோ வெளிச்சத்துக்கு அவ்ளோ பெரிய இடம் வேணும்ல?

பதில்: குவாசார்னா, கேலக்ஸி நடுவுல இருக்கற ராட்சச ப்ளாக் ஹோல் கேஸ முழுங்கறப்ப அந்த கேலக்ஸியவே மிஞ்சற வெளிச்சத்தோட எரியற இடம். அதுக்கு பெரிய ஹாலோ வேணும்னுதான் ரொம்ப பேரு நெனச்சாங்க. ஆஸ்திரேலியால சைடிங் ஸ்ப்ரிங்ல இருக்கற டெலஸ்கோப்ல டூ டிகிரி ஃபீல்டுன்னு ஒரு கருவிய வெச்சு இருபதாயிரத்துக்கு மேல குவாசார் புடிச்சாங்க, 2005-ல அதோட கொத்து கணக்கு வந்துச்சு. சராசரியா சில லட்சம் கோடி சூரியன் எடை ஹாலோ. கிளஸ்டர் சைஸ் கிடையாது, நம்ம பால்வீதி ஹாலோவ விட சில மடங்கு பெருசு, அவ்ளோதான்.

ஆச்சரியம் அதுல இல்ல. பிரபஞ்சம் பொறந்து முந்நூறு கோடி வருஷம் ஆனப்ப இருந்த குவாசாரயும், அதுக்கு எவ்வளவோ பின்னாடி வந்த குவாசாரயும் தனித்தனியா பிரிச்சு பாத்தா ரெண்டுலயும் ஹாலோ எடை ஏறக்குறைய அதேதான்! ஆனா ஹாலோங்க சும்மா இருக்கறதில்ல, ஒண்ண ஒண்ணு முழுங்கி வளந்துட்டே போகும். அப்படின்னா அன்னிக்கு குவாசார் எரிஞ்ச அதே ஹாலோ பின்னாடி குவாசாரோட இருக்க முடியாது, அது வளந்து பெரிய குரூப்பாவோ கிளஸ்டராவோ ஆகி நடுவுல புதுசா நட்சத்திரமே பொறக்காத ஒரு எலிப்டிகல் கேலக்ஸிய வெச்சுட்டு உக்காந்திருக்கும், குவாசார் வேற புது ஹாலோவுக்கு போயாச்சு. அந்த எடைய தொடற ஹாலோலதான் ஏன் பத்திக்குதுன்னா, அங்க உள்ள இழுக்க கேஸும் நிறைய, கேலக்ஸி கேலக்ஸியோட மோதற வாய்ப்பும் நிறைய, அதுக்கு மேல போனா கேஸ் சூடாகி தீனி நின்னுபோகுது. இது என் மனசுக்கு ஒத்துப்போற விளக்கம். மோதலே காரணம்னு அடிச்சு சொல்றவங்க கொஞ்சம் அவசரப்படறாங்கன்னு தோணுது.

இன்னொண்ணு. அந்த எடைல இருக்கற ஹாலோங்கள எண்ணினா குவாசார விட பல மடங்கு ஜாஸ்தி, நூத்துல ஒண்ணுல கூட குவாசார் எரியல. ஒரு ஊருக்குள்ள எப்ப நடந்து போனாலும் ஏதோ ஒண்ணு ரெண்டு வீட்டு வாசல்லதான் கல்யாண பந்தல் இருக்கும், அதுக்காக மிச்ச வீட்டுல கல்யாணமே நடக்கலன்னு ஆயிடுமா, பந்தல் நாலு நாள்தான் நிக்குது. அதே கணக்குதான். எத்தனை பங்கு ஹாலோல எரியுதோ அத பிரபஞ்சத்தோட வயசால பெருக்கினா ஒரு குவாசார் எவ்ளோ காலம் எரியும்னு வருது, பத்து லட்சம் வருஷத்துலருந்து பத்து கோடி வருஷத்துக்குள்ள. இத நேரா அளக்க வழியே இல்ல, யாரும் ஒரு குவாசார் பத்தவெச்சு அணையற வரைக்கும் உக்காந்து பாக்க முடியாதே.

கேள்வி (அதே மதுரை வாசகர்): நடு கேலக்ஸில மட்டும்தானா, சேட்டிலைட்லயும் குவாசார் உண்டா?

பதில்: உண்டு. எத்தனைன்னு கேட்டா சண்டை வரும். தூர ஜோடி கணக்க மட்டும் பாத்தா, சேட்டிலைட்ல கொஞ்சம் வெச்ச மாடலும் ஒத்துப்போகும், அதவிட நிறைய வெச்ச மாடலும் ஒத்துப்போகும். முடிவு சொல்லணும்னா ஒரே ஹாலோவுக்குள்ள ரெண்டு குவாசார் வேணும், அதாவது ரொம்ப கிட்ட இருக்கற ஜோடி. அங்கதான் வில்லங்கம். ஸ்லோன் சர்வேல ஒவ்வொரு வானப்பகுதிக்கும் ஒரு அலுமினிய தட்டுல அறுநூத்தி நாப்பது ஓட்டை போட்டு, நியூ மெக்ஸிகோவுல ஒவ்வொரு ஓட்டைலயும் ஆள் உக்காந்து கையால ஃபைபர் (ஒவ்வொரு பொருளோட ஒளியயும் கருவிக்கு கொண்டுபோற கண்ணாடி இழை) சொருகினாங்க. ஃபைபர் முனைக்கு தடிமன் இருக்கே, வானத்துல 55 ஆர்க்செகண்டுக்குள்ள (ஒரு ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரில 3,600-ல ஒரு பங்கு) ரெண்டு பொருள் இருந்தா ஒரே தட்டுல ரெண்டையும் சொருக முடியாது, ஒண்ண விட்டுடணும். நமக்கு வேண்டிய ஜோடியே அதுல நிறைய போச்சு. அதனால சிலர் அந்த மாதிரி கிட்டக்க இருக்கற ஜோடிகள தனியா தேடி, வேற டெலஸ்கோப்ல ஒண்ணொண்ணா பாத்தாங்க, 2006-ல வந்த முடிவுல எதிர்பார்த்தத விட நிறையவே ஜோடி இருந்துச்சு. இப்ப அரிசோனா கிட் பீக்ல டெஸின்னு ஒரு சர்வே கருவி ஐயாயிரம் ஃபைபர ரோபோ வெச்சு நகத்துது, ஆனா ரோபோவும் ஒண்ண ஒண்ணு இடிக்கக்கூடாதுல்ல, கிட்ட ஜோடிக்கு தலைவலி முழுசா போகல.

கேள்வி (நாகர்கோவில், ப்ளஸ் டூ): வீட்டுல எட்டு இன்ச் டெலஸ்கோப் இருக்கு, ஒரு குவாசாராவது தெரியுமா அண்ணா?

பதில்: தெரியும். 3சி 273, கன்னி ராசில இருக்கு, வெளிச்சம் 13-ஆவது மேக்னிட்யூட் பக்கம் (நம்பர் ஏற ஏற மங்கல்). மார்ட்டன் ஷ்மிட் 1963-ல இதோட ஸ்பெக்ட்ரத்த பாத்துத்தான் இது நம்ம கேலக்ஸி நட்சத்திரம் இல்ல, ஒளியோட அலைநீளம் 16 சதவீதம் சிவப்பு பக்கம் நீண்டு போன (ரெட்ஷிஃப்ட்) தூரத்து சமாச்சாரம்னு கண்டுபிடிச்சாரு. ஏப்ரல், மே மாசம் நிலா இல்லாத ராத்திரியா பாத்து ஊருக்கு வெளிய போங்க, நல்ல ஸ்டார் சார்ட் கட்டாயம் வேணும், ஏன்னா பாக்க சாதாரண மங்கல் நட்சத்திரம் மாதிரிதான் இருக்கும், பக்கத்து நட்சத்திரத்த பாத்துட்டு குவாசார பாத்தேன்னு வந்து சொல்லக்கூடாது.