ஆறு வருடக் களவேலை வீணாகிவிடுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. மேலூர் பக்கம் ஒரு கிராமம். மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டு ஆறு வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வளரிளம் பெண்களுக்குக் குழு அமைப்பது, பெற்றோர் கூட்டம் நடத்துவது, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது, இவைதான் என் வேலை. ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை எழுதுவேன். போன முறை ‘420 பெண்கள் பயிற்சி பெற்றனர்’ என்று எழுதினேன். அந்த 420 பேரின் வாழ்க்கையில் ஏதாவது மாறியதா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதைக் கண்டுபிடிப்பதையே படிக்க வேண்டும், பி.எச்டி. முடித்துக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை. மூன்று வயதில் மகன் இருக்கிறான். கணவர் சரி என்கிறார். மாமியார், ‘இந்த வயசுல என்ன படிப்பு, டி.என்.பி.எஸ்.சி. எழுது’ என்கிறார். எனக்குக் கணக்கு வராது, ஆங்கிலமும் சுமார்தான். இதற்கிடையில் நிறுவனத்தில் பதவி உயர்வு தருவதாகச் சொல்கிறார்கள். கல்லூரிப் பக்கம் போய்விட்டால் இத்தனை வருடக் களவேலை வீணாகிவிடுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேலூர்)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த 420 பெண்களைப் பற்றிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குடும்பங்களுக்கும் இளைஞர்களுக்கும் திட்டம் போடுவது, போட்ட திட்டம் பலித்ததா என்று பார்ப்பது, இந்த இரண்டையும் ஆராய்கிற துறைக்கு உங்களைப் போன்றவர்கள்தான் வர வேண்டும். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பி.எச்டி.க்குப் போங்கள், ஆனால் வேலையை இப்போதே விடாதீர்கள். களவேலை வீணாகுமா என்றா கேட்கிறீர்கள்? இந்தத் துறையில் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்தே அதுதான்.

உங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மேலூரிலிருந்து திருச்சி ரோட்டில் போனால் கொட்டாம்பட்டி. உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் முதன்முதலாகத் தொடங்கியது அந்த ஒன்றியத்தில்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு கொடுப்பார்கள், தேறியதும் நிறுத்திவிடுவார்கள். கூடவே குழந்தைக்கு என்ன ஊட்டுவது, எப்படி ஊட்டுவது என்று அம்மாவிடம் பேசுவார்கள். அந்தந்த ஊரிலேயே இருக்கும் ஒரு பெண்தான் இதையெல்லாம் செய்தார். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்தது. வெளிநாட்டு வல்லுநர்கள் இதை முன்மாதிரித் திட்டமாகப் பேசினார்கள்.

அப்புறம் 1995-ல் வங்கதேசத்தில் இதைப் பார்த்தே ஒரு திட்டம் தொடங்கினார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஏன் என்று உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே ஆராய்ந்து 2005-ல் அறிக்கை கொடுத்தது. அதில் சொன்ன காரணங்களில் ஒன்றை நீங்கள் மறக்கவே கூடாது. திட்டம் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அங்கே கிராமங்களில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக்குடும்பம் என்றால் யார் தட்டில் எவ்வளவு விழும் என்பது மாமியார் கையில். பாடம் கேட்டவர் ஒருவர், கரண்டி பிடித்தவர் வேறொருவர். போதாததற்கு, திட்டத்தில் கொடுத்த உணவு வீட்டுச் சாப்பாட்டோடு கூடுதலாகச் சேராமல் அதற்குப் பதிலாகவே போய்விட்ட வீடுகளும் உண்டு. நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவப் பேராசிரியர் இந்த இரண்டு திட்டங்களையும் அருகருகே வைத்து விரிவாக எழுதியிருக்கிறார். ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்க வேண்டுமானால் என்னவெல்லாம் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்த வீட்டில் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் படிவத்தில் டிக் அடித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ‘குடும்பத் தலைவர் யார்’ என்று கேட்டால் அப்பா பெயரைச் சொல்வார்கள். ஆனால் வயதுக்கு வந்த பெண்ணைத் தொடர்ந்து படிக்க வைக்கலாமா என்பதில் எந்த வீட்டில் தாய்மாமன் பேச்சு எடுபடும், எந்த வீட்டில் அண்ணன் சொன்னால்தான் நடக்கும், எங்கே அப்பத்தாவை முதலில் கரைக்க வேண்டும் என்று ஆறு வருடமாக வீடு வீடாகப் போன உங்களுக்குத் தெரியும். மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து வருகிற எத்தனையோ பேர் கோட்டைவிடுகிற இடம் இதுதான். உங்கள் ஆய்வு இங்கிருந்தே தொடங்கலாம்.

இனி நீங்கள் பயப்படுகிற கணக்கு. களத்தில் தெரிந்ததை மட்டும் வைத்து மதிப்பீடு செய்யவும் முடியாது என்பதை உங்கள் 420 பெண்களை வைத்தே பார்க்கலாம். உங்கள் குழுவில் இருந்த பெண்கள் 12-ஆம் வகுப்புக்குப் பிறகு கல்லூரிக்குப் போவது கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தோஷம். ஆனால் 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். அப்படியானால் கூடியது உங்கள் குழுக் கூட்டத்தாலா, அந்த 1000 ரூபாயாலா? நீங்கள் வேலை செய்யாத, ஆனால் மற்ற எல்லாவற்றிலும் உங்கள் கிராமங்களை ஒத்த சில கிராமங்களில் அதே காலத்தில் என்ன நடந்தது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. திட்டத்துக்கு முந்தைய நிலையை (பேஸ்லைன்) அளக்காமல், முடிந்த பிறகு உள்ள நிலையை (எண்ட்லைன்) மட்டும் அளந்தாலும் இதே கதிதான். இந்த அளவுக்கு யோசனை பிடிபட்டுவிட்டால் புள்ளியியலில் பாதி வந்துவிட்டது. மீதியைப் பழகிக்கொள்ளலாம். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவச வகுப்புகள் இருக்கின்றன. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்குக் காசு கிடையாது. கோபோ செயலியில் படிவம் போட்டு நீங்களே தரவு சேகரித்திருப்பீர்கள், அதையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். தரவு அலசுவதை மட்டும் வெளியே காசு கொடுத்துச் செய்து வாங்காதீர்கள். பல்கலைக்கழகங்களைச் சுற்றி அப்படிச் செய்து தருகிற கடைகள் உண்டு. வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், மாட்டிக்கொள்வோமே என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கண்ணெதிரே உருவாவதைப் பார்க்கிற பாக்கியத்தை இன்னொருவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

எண்கள் நாம் நினைத்தே பார்க்காததையும் காட்டும். தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்து, அதில் பாதிக்கு மட்டும் குலுக்கல் முறையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஒரு அரைநாள் ஊழியரைக் கூடுதலாகப் போட்டார்கள். கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் அதை மதிப்பிட்டார்கள். பிள்ளைகளின் கற்றல் கூடியது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்திருந்தது. பாடம் நடத்தத் தனி ஆள் வந்ததும், ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மீதிப் பாதி இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

தலைப்புக்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. வருகை கூடியதா, குழந்தைகள் சோர்வில்லாமல் இருக்கிறார்களா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், அதைக் கேட்கத்தான் வேண்டும். எனக்கு இன்னொரு கேள்வியும் தோன்றுகிறது. அம்மா விடியற்காலையில் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போகிற வீட்டில் தம்பி தங்கைக்குச் சமைத்துப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள் மூத்த பெண். தம்பிக்குப் பள்ளியிலேயே சாப்பாடு என்று ஆனபிறகு அவளுடைய காலைப்பொழுது மாறியதா? ஒரு திட்டம் யாருக்காக என்று எழுதியிருக்கிறதோ அவரைத் தாண்டி வீட்டுக்குள் யாரைத் தொடுகிறது என்பது இந்தத் துறையின் நல்ல கேள்விகளில் ஒன்று. இதையேதான் எடுக்க வேண்டும் என்பதில்லை, இந்த மாதிரி ஒன்றை உங்கள் களத்திலிருந்தே எடுங்கள்.

ஆனால் உங்கள் நிறுவனத்தின் திட்டத்தையே மதிப்பிடப் போகாதீர்கள். நீங்கள் நடத்திய திட்டம் பலிக்கவில்லை என்று எழுத நேர்ந்தால் கை தயங்கும், பலித்தது என்று எழுதினால் படிப்பவர் நம்பத் தயங்குவார். பக்கத்து ஒன்றியம் நல்லது. பழைய தரவைப் பயன்படுத்துவதானால் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் பேசுகிற ஆய்வு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெற்றோர் சம்மதம் தனி, அந்தப் பிள்ளையின் விருப்பம் தனி, இரண்டும் தேவை. ‘நீ என்ன சொன்னாலும் யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், ஆய்வாளருக்கும் அதில் விலக்கு இல்லை. அப்படி ஒரு பிள்ளை வாய் திறந்தால் யாரைக் கூப்பிடுவது, அவளுக்கு யார் துணை நிற்பது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்து வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர் நீங்கள், இது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

சரி, எங்கே படிப்பது? உங்களுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பக்கம், அதன் கீழுள்ள கல்லூரி ஆய்வு மையங்களையும் விசாரியுங்கள். காந்திகிராமத்தையும் அவசியம் பாருங்கள். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956-ல் தொடங்கிய கிராமிய உயர்கல்வி நிறுவனம் இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதை ஒட்டியே அம்பாத்துரையில் ஊரக நலம், குடும்பநலத்துக்கான நிறுவனம் 1964-லிருந்து இருக்கிறது. ஆத்தூர் ஒன்றியத்தில் அவர்கள் செய்த குடும்பநலப் பணி அந்தக் காலத்திலேயே நாடு முழுவதும் பேசப்பட்டது. இளைஞர்கள் பக்கம் போவதானால் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம். ஆனால் நிறுவனத்தின் பெயரைவிடக் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, முக்கியம். அவரிடம் ஏற்கெனவே படித்த மாணவர்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பேசுங்கள். அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் தருகிறார், கூடவே களத்துக்கு வருவாரா என்று கேளுங்கள்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சமூகப்பணி ஒரு பாடமாக இருக்கிறது, அதை எழுதுங்கள். அதே தேர்வின் மூலம் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. அதனால் இன்னும் காலம் இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். அப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேருங்கள். கிடைக்காவிட்டால் பகுதிநேரம். யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் அதை அனுமதிக்கின்றன, வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று மட்டும் வேண்டும். அதே விதிகளில் பெண்களுக்குப் பி.எச்டி. முடிக்க இரண்டு வருடம் கூடுதல் அவகாசமும், பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பும் இருக்கின்றன. சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

பதவி உயர்வை மறுக்க வேண்டாம், ஆனால் எந்தப் பொறுப்பு என்று பேசுங்கள். இன்னும் பத்து ஊரை மேற்பார்ப்பதைவிட ‘எம் அண்ட் ஈ’, அதாவது திட்டங்களைக் கண்காணித்து மதிப்பிடும் பொறுப்பைக் கேட்டு வாங்குவது உங்களுக்கு நல்லது. சம்பளத்தோடு படிக்கிற மாதிரி.

ஆங்கிலத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படாதீர்கள். பெண்கள் சொல்வதைத் தமிழிலேயே பதிவு செய்து, தமிழிலேயே எழுதி வைத்து, தமிழிலேயே அலசுங்கள். கடைசியில் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் அது எழுத்து வேலை, உதவிக்கு ஆள் கிடைக்கும். பேசிய மறுநாளே ஆங்கிலத்தில் போட்டுவிட்டால் அந்தப் பெண் சொன்னதில் பாதி காணாமல் போகும்.

வேலை கிடைக்குமா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நிரந்தர இடம் குறைவு, போட்டி அதிகம். சுயநிதிப் பிரிவில் சேர்ந்தால் முதல் சில வருடங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகவே வாங்க நேரலாம். ஆனால் இந்தப் படிப்புக்குக் கல்லூரி மட்டுமே வாசல் என்று எண்ண வேண்டாம். திட்டங்களை மதிப்பிடத் தமிழக அரசிலேயே ஒரு தனித் துறை இருக்கிறது. சென்னையில் ஜே-பால் தெற்காசியா போன்ற ஆய்வு அமைப்புகள் இருக்கின்றன. மதுரையிலேயே தானம் அறக்கட்டளை மாதிரிப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. உள்ளூர் மொழியும் களமும் தெரிந்து, கணக்கும் போடத் தெரிந்தவர்கள் இங்கெல்லாம் தேவை.

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாதச் சம்பளம் நிலையாக வர வேண்டும் என்பது அவருடைய கவலை, அது பேரனுக்கான கவலையும்கூட. முதல் வருடம் வேலையை விடப்போவதில்லை என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். டி.என்.பி.எஸ்.சி.யையும் எழுதிப் பார்ப்பதில் நஷ்டமில்லை, அதற்காக நெட் தேர்வுக்கான தயாரிப்பைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி. கணவரிடம் ‘சரி’ என்ற வார்த்தையோடு நின்றுவிடாதீர்கள் அம்மா. வாரத்தில் எந்த இரண்டு மாலை மகனை அவர் பார்த்துக்கொள்வார் என்று கிழமையோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்த நுழைவுத் தேர்வு அறிவிப்பு வருவதற்குள் ஆய்வுக் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்தக் கிராமங்கள், யாரிடம் கேட்பீர்கள், எதோடு ஒப்பிடுவீர்கள், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். எழுதியதை இதே முகவரிக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.