பதிவு போட்டால் அணியை விட்டு அனுப்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்

விளையாட்டு வீரர்கள் அரசியல் பேசினால் சம்பளம் தருபவர் என்ன செய்ய முடியும்? வேலூர், ராணிப்பேட்டைப் பக்கமிருந்து இதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கே: என் தம்பி ஒரு தனியார் கபடி அணியில் ஒரு சீசனுக்கு ஒப்பந்தமாகியிருக்கிறான். பாலாற்று மணல் விஷயத்தில் ஒரு கட்சியைத் திட்டி முகநூலில் எழுதினான். "இன்னைக்கே எடு, இல்லன்னா ஊருக்குக் கிளம்பு" என்று மேலாளர் போனில் சொல்கிறார். பேச்சுரிமை என்று ஒன்று இருக்கிறதே?
– வீரரின் அண்ணன், குடியாத்தம்

இருக்கிறது. ஆனால் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு முதன்மையாக அரசாங்கத்தின் கையைக் கட்டுவது. தம்பிக்குச் சம்பளம் தருவது தனியார் நிறுவனம். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில், 19, 21 பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை சொன்னது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சீசன் ஒப்பந்தத்துக்காக வழக்குப் போட்டால், விசாரணைக்கு வருவதற்குள் சீசனே முடிந்திருக்கும். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். உங்களுக்கு உதவப்போவது அதுதான்.

முதல் சிக்கல் அங்கேயே வரும். பல பையன்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு நகல் வாங்காமல் வந்துவிடுகிறார்கள். நகல் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். "அணியின் பெயருக்குக் களங்கம்" என்ற ஷரத்து எவ்வளவு அகலமாக எழுதப்பட்டிருக்கிறது? "லீக் அவ்வப்போது வெளியிடும் நடத்தை விதிகளும் பொருந்தும்" என்று ஒற்றை வரி இருக்கிறதா? இருந்தால் அந்த விதிப் புத்தகத்தையும் கேட்டு வாங்க வேண்டும், சமூக ஊடகத் தடை பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். கடைசியாக, ஒப்பந்தத்தை முறிக்கும் ஷரத்து: முன்னறிவிப்பு எத்தனை நாள், திருத்திக்கொள்ள அவகாசம் உண்டா, அதுவரை ஆடியதற்கான தவணை எப்போது வரும்?

பதிவை எடுப்பதா வேண்டாமா என்பது தம்பியின் விருப்பம். எடுப்பதானால், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு எடுக்கட்டும். "நீங்கள் போனில் கேட்டுக்கொண்டபடி பதிவை நீக்கிவிட்டேன்" என்று மேலாளருக்கு ஒரு வரி அனுப்பினால் வாய்மொழி உத்தரவுக்கு எழுத்தில் சாட்சி கிடைத்துவிடும். மன்னிப்புக் கடிதம் மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். அணி நிர்வாகம் தட்டச்சு செய்து நீட்டுகிற கடிதத்தில் "ஒப்பந்தத்தை மீறினேன்" என்ற வரி இருந்தால், பிறகு எந்த வக்கீலாலும் அதைத் துடைக்க முடியாது.

நீக்கியே விட்டார்கள் என்றால்? "இவனை அணியில் ஆடவிடு" என்று நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது. தனிப்பட்ட திறமையை நம்பிய சேவை ஒப்பந்தங்களை அப்படிக் கட்டாயப்படுத்த 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் இடம் தருவதில்லை. கேட்க முடிந்தது பாக்கிச் சம்பளமும் இழப்பீடும்தான். பொதுவான காலவரம்பு 3 ஆண்டுகள். ஒப்பந்தத்தில் மத்தியஸ்த ஷரத்து (தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பார் என்பது) இருந்தால் வேலூர் நீதிமன்றத்தில் நிற்காது. மும்பையோ டெல்லியோ, அதில் எழுதியிருக்கிற ஊருக்குத்தான் போக வேண்டும். செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

கே: மகன் பளுதூக்கும் வீரர், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை. தேர்தல் சமயத்தில் நண்பர்களோடு சேர்ந்து பைக்கில் கட்சிச் சின்னம் ஒட்டியிருக்கிறான். வீரர்களுக்கு விதி தளர்வு உண்டா?
– தந்தை, சத்துவாச்சாரி

பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்பில் சலுகை உண்டு, நடத்தை விதியில் கிடையாது. சத்துவாச்சாரியில் பளு தூக்குகிற வீடுகளில் ரயில்வே, போலீஸ், வங்கி வேலையெல்லாம் புதிதல்ல. ஆனால் சேருகிற அன்று தருகிற விதிப் புத்தகத்தைப் படிப்பவர்கள் குறைவு. 1966ஆம் ஆண்டு ரயில்வே பணி நடத்தை விதிகளில் 5ஆவது விதி அரசியலையும் தேர்தலையும் பற்றியது. கட்சி உறுப்பினராக இருக்கக் கூடாது, பிரசாரம் செய்யக் கூடாது. ஓட்டுப் போடலாம், யாருக்குப் போட்டேன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினாலே செல்வாக்கைப் பயன்படுத்தியதாக அந்த விதியின் விளக்கம் சொல்கிறது. ஸ்டிக்கரை இன்றைக்கே உரித்துவிடச் சொல்லுங்கள். 9ஆவது விதி அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதைத் தடுக்கிறது. வாட்ஸ்அப் குழு நம் வீட்டுத் திண்ணை இல்லை, ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

தனியாரிடம் இல்லாத பாதுகாப்பும் இந்த வேலையில் உண்டு. பொதுவாக விசாரணை இல்லாமல் நீக்க முடியாது. சிறு தண்டனை என்றால் எஸ்.எஃப்.11, பெருந்தண்டனை என்றால் எஸ்.எஃப்.5 படிவத்தில் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்) வரும். பதில் தர 10 நாள். ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்று அந்த 10 நாளுக்குள்ளேயே எழுதிக் கேட்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தண்டனை உத்தரவு கைக்கு வந்த 45 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்குப் பிறகுதான் சென்னையிலுள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அங்கே பொதுவாக ஓராண்டுக் கெடு. சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியமாக ஏறக்குறைய பாதிச் சம்பளம் வரும். மகன் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்தக் கட்டத்தில் வேலையை விட்டு அனுப்புவது எளிது.

கே: அப்படியென்றால் ஒரு பொதுக்கூட்டத்தைப் பார்க்கப் போவதுகூடத் தப்பா?
– வாசகி, காட்பாடி

போய்க் கேட்பதும் மேடையேறுவதும் ஒன்றல்ல. திரிபுராவில் மீன்வளத் துறை ஊழியர் லிபிகா பால், ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு, பேரணிக்குப் போனதற்காகவும் முகநூல் பதிவுக்காகவும் சஸ்பெண்ட் ஆனார். 2020 ஜனவரியில் அந்த மாநில உயர் நீதிமன்றம், அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு, பேரணிக்குப் போனதே அரசியலில் பங்கெடுத்ததாகாது என்று சொல்லி அவர் பக்கம் தீர்ப்புத் தந்தது. ஆர்ப்பாட்டத்தில் கைதானால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும்: கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிட்டால் அது வேறு, காவல் 48 மணி நேரத்தைத் தாண்டினால் தானாகவே சஸ்பெண்ட் ஆனதாகக் கருதப்படும்.

தேர்தலில் நிற்பதென்றால் வேலையை விட்டுவிட்டுத்தான். மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகத், பஜ்ரங் புனியா இருவரும் 2024 செப்டம்பரில் ரயில்வே வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் காங்கிரசில் சேர்ந்தார்கள்.

கே: ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் கவாஜா ஷூவில் எழுதிய வாசகத்தின் மேல் ஆஸ்திரேலிய வாரியத்துக்கே இல்லாத கோபம் ஐசிசிக்கு ஏன்?
– கல்லூரி மாணவர், ராணிப்பேட்டை

சர்வதேச வீரருக்கு இரண்டு முதலாளிகள்: அவர் நாட்டு வாரியம், சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி. 2014இல் சவுத்தாம்ப்டனில் இந்தியாவுக்கு எதிராக மொயின் அலி காசாவுக்காகக் கைப்பட்டை அணிந்தபோது இங்கிலாந்து வாரியம் அதைக் குற்றமாகப் பார்க்கவில்லை, ஐசிசி தடுத்தது. 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் இருந்த ராணுவ முத்திரைக்கு நம் வாரியமே அனுமதி கேட்டும் ஐசிசி மறுத்தது. 2023 டிசம்பரில் பெர்த் டெஸ்ட்டில் கவாஜா "எல்லா உயிரும் சமம்" என்று எழுதிய ஷூவின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு ஆடினார். முன் அனுமதி இல்லாமல் கறுப்புப் பட்டை கட்டியதற்குக் கண்டிப்பு வந்தது. மெல்போர்னில் புறா ஸ்டிக்கரும் கூடாது என்றார்கள். சொன்ன கருத்து நல்லதா கெட்டதா என்று விதி பார்ப்பதில்லை, உடையிலும் கருவியிலும் முன் அனுமதி இல்லாத செய்தி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அப்படியானால் 2020இல் அதே சவுத்தாம்ப்டனில் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' (கறுப்பின உயிர்களும் முக்கியம்) இலச்சினையோடு ஆட எப்படி அனுமதி கிடைத்தது என்று கேட்டால், நியாயமான கேள்விதான். எது அரசியல், எது மனிதாபிமானம் என்பதை ஐசிசியே முடிவு செய்கிறது. எங்கள் பார்வையில் இந்த விதியின் பெரிய ஓட்டை இதுதான்.

கே: பேசாதே என்கிறார்கள், சரி. பேசு என்று கட்டாயப்படுத்தலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், வாலாஜா

2021 டி20 உலகக் கோப்பையில் நடந்தது. இனவெறிக்கு எதிரான அடையாளமாக எல்லோரும் மண்டியிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க வாரியம் ஆட்டத்தன்று உத்தரவிட்டது. அந்த அணியின் டி காக் வெஸ்ட் இண்டீசுக்கு எதிரான அந்த ஆட்டத்திலிருந்து விலகினார். பிறகு மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். நம் நாட்டில் மௌனத்துக்கும் 19(1)(அ) காவல் உண்டு என்று 1986இல் கேரளத்துப் பள்ளிக் குழந்தைகளின் தேசிய கீத வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் குழந்தைகள் எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவே.

கே: அமெரிக்காவில் பேச்சுரிமை அதிகம் என்கிறார்கள். பிறகு அமெரிக்கக் கால்பந்து வீரர் கேப்பர்னிக் ஏன் வீட்டில் இருக்கிறார்?
– வாசகர், ஆற்காடு

அங்கேயும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் கட்டுவது அரசைத்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: கேப்பர்னிக்கை யாரும் நீக்கவில்லை. இனவெறியை எதிர்த்து 2016 சீசன் முழுக்கத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார்; 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து அவரே வெளியே வந்தார்; அதன் பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை. அணிகள் கூடிப் பேசி ஒதுக்கின என்று புகார் கொடுத்தார்; அதை நிரூபிக்க வேண்டிய சுமை அவர் தலையில் விழுந்தது. 2019 பிப்ரவரியில் அந்தப் புகார் சமரசமாக முடிந்தது.

இதற்கு நேர் எதிர் அன்வர் எல் காசி. காசா பற்றிய பதிவுகளுக்காக ஜெர்மனியின் மைன்ஸ் கால்பந்து அணி 2023 நவம்பரில் அவர் ஒப்பந்தத்தை முறித்தது. அந்த நீக்கம் செல்லாது என்று 2024 ஜூலையில் மைன்ஸ் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. கிளப் தர வேண்டியது 15 லட்சம் யூரோவுக்கு மேல். நீக்கினால் ஒரு தாள் இருக்கும், அதை எதிர்த்து வாதாடலாம். எடுக்காமல் விட்டால் எதிர்க்க எதுவும் இல்லை. நம் ஊர் மாவட்ட அணித் தேர்விலும் இப்படித்தான் நடக்கும். தேர்வுப் போட்டியில் எடுத்த புள்ளி, தூக்கிய எடை, ஓடிய நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வாங்கி வையுங்கள். பின்னால் பாரபட்சம் என்று சொல்ல அதுதான் ஆதாரம்.

கே: ஓய்வு பெற்ற வீரர் கட்சியில் சேரலாமே?
– வாசகர், ஆரணி

சேரலாம். ஆனால் வேறு லீக்கில் ஆடும் எண்ணம் இருந்தால் அந்த லீக்கின் விதியை முதலில் பாருங்கள். முன்னாள் கிரிக்கெட் வீரர் அம்பத்தி ராயுடு 2023 டிசம்பர் இறுதியில் ஒய்எஸ்ஆர் காங்கிரசில் சேர்ந்து, 2024 ஜனவரி முதல் வாரத்திலேயே விலகினார். துபாய் லீக்கில் ஆடக் கட்சித் தொடர்பு இருக்கக் கூடாது என்பதே அவர் சொன்ன காரணம்.

கே: பள்ளிக்கூட நாளில் போட்ட பழைய பதிவுகளுக்கும் நடவடிக்கை வருமா? வேறு பெயரில் கணக்குத் திறந்து எழுதினால்?
– கிரிக்கெட் வீரர், ஆம்பூர்

வரும். 2021இல் லார்ட்ஸில் அறிமுக டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த அன்றே இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஆலி ராபின்சனின் 2012, 2013ஆம் ஆண்டுப் பதிவுகள் வெளியே வந்தன. அடுத்த டெஸ்ட்டுக்குள் சஸ்பெண்ட். ஒப்பந்தத்துக்கு முன்பே உங்கள் கணக்கின் முழு நகலைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, தேவையில்லாததை நீக்குங்கள். நடவடிக்கை தொடங்கிய பிறகு நீக்கினால் ஆதாரத்தை அழித்ததாகச் சொல்வார்கள்.

வேறு பெயர் அதிக நாள் தாங்காது, கூட ஆடுபவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அரசு வேலையில் இருப்பவருக்கு அது இன்னும் மோசம்: கருத்துச் சொன்னார் என்ற குற்றச்சாட்டோடு, மறைத்தார் என்ற இரண்டாவதும் சார்ஜ் மெமோவில் ஏறிவிடும்.