அலைக்கற்றை ஏலம்: அரசுக்கு எவ்வளவு வரும்? எல்லையோரக் கேள்விகளுக்குப் பதில்

கொழிஞ்சாம்பாறை: அக்கா, ஏலத்துக்கு முன்னாடியே இத்தனை லட்சம் கோடி என்று பேப்பரில் வருகிறதே, அவ்வளவும் வருமா?

வராதுங்க. அலைக்கற்றை என்பது போன் சிக்னல் போகும் ரேடியோ அலைகள், அதை அளப்பது மெகாஹெர்ட்ஸில். ஏலத்துக்கு வைத்த மொத்த மெகாஹெர்ட்ஸை அடிப்படை விலையால், அதாவது அரசு வைக்கும் குறைந்தபட்ச விலையால், பெருக்கிச் சொல்லும் தொகை அது. கடை விரித்த சரக்கின் மதிப்புதான், விற்பனை இல்லை. 2022-ல் 72,098 மெகாஹெர்ட்ஸை 4.3 லட்சம் கோடி என்று மதிப்பிட்டார்கள். 51,236 மெகாஹெர்ட்ஸ் விற்றும் கிடைத்தது 1,50,173 கோடி. சரக்கில் 71 சதவீதம் போயும் பணத்தில் பாதிகூட இல்லை, ஏனென்றால் போனதில் பெரும்பகுதி விலை குறைந்த உயர் அலைவரிசை. 2024-ல் 96,238 கோடிக்கு வைத்து 11,340 கோடிதான் வந்தது.

வேலந்தாவளம்: எங்கள் வீட்டில் போன் ஒரு அறையில் கேரளா, அடுத்த அறையில் தமிழ்நாடு காட்டுகிறது. இரண்டு பக்கமும் ஒரே விலையா அண்ணி?

இல்லை, பெரிய வித்தியாசம். 2010-ன் 3ஜி ஏலத்தில் ஒரு பிளாக் (ஒரு நிறுவனம் வாங்கும் அலைக்கற்றைத் துண்டு) கேரளத்தில் 312.48 கோடி, தமிழ்நாட்டில் 1,464.94 கோடி. அடிப்படை விலை கேரளத்துக்கு 120 கோடி, தமிழ்நாட்டுக்கு 320 கோடி. அதாவது ஒன்று இரண்டரை மடங்கு ஏறியது, மற்றது நாலரை மடங்கு. அதனால் நாடு முழுவதற்கும் ஒரே பெருக்கல் போட்டால் கணக்கு தப்பிவிடும், தொலைத்தொடர்புக்காக நாட்டைப் பிரித்து வைத்திருக்கும் 22 சர்க்கிளையும் (வட்டாரங்களையும்) தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நாட்டுக்கல்: அப்புறம் எதை வைத்துத்தான் மதிப்பிடுவது?

தோப்பு ஏலத்துக்கு எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம் இல்லையா, அதேதான். 2010-ல் 3ஜிக்கு ஒன்பது நிறுவனங்கள் மோதின. சர்க்கிளுக்கு மூன்று நான்கு பிளாக்தான். 34 நாள், 183 சுற்று. பட்ஜெட்டில் போட்டது 35,000 கோடி, அதே வருஷம் நடந்த பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலத்தையும் சேர்த்து வந்தது ஒரு லட்சம் கோடிக்கு மேல். 2012-ல் விலையை ஏற்றி வைத்தார்கள், டெல்லி, மும்பைக்கு ஆளே வரவில்லை.

அதோடு விலையைக் குறைத்தால் வருமானம் குறையும் என்று நினைக்காதீர்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2016-ல் மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி என்று வைத்தார்கள், ஒரு பைசா வரவில்லை. 2022-ல் 3,927 கோடிக்கு இறக்கியதும் ஜியோ ஒன்றே 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கி, 39,270 கோடி ஆனது. ஆறு வருஷம் அந்த அலை சும்மா கிடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. மலையோரத்திலும் எட்டுகிற அலை அது.

சித்தூர், பாலக்காடு: 2022-ன் ஒன்றரை லட்சம் கோடி அந்த வருஷமே கஜானாவுக்கு வந்ததா?

இல்லை. 20 வருடாந்திரத் தவணை, வட்டி 7.2 சதவீதம். ஆகஸ்டில் வந்தது 17,876 கோடி. அதிலும் ஏர்டெல் நான்கு வருஷத் தவணையை முன்கூட்டியே கட்டியதும் சேர்ந்திருக்கிறது. பட்ஜெட் கணக்குக்கு இந்தத் தவணையைத்தான் எடுக்க வேண்டும்.

கோவிந்தாபுரம்: கேரள சர்க்கிள் ஏலத்தில் கேரள அரசுக்குப் பங்கு உண்டா?

கிடையாது. இது வரி அல்லாத வருவாய், மாநிலங்களோடு பகிரும் தொகுப்பில் சேராது. முழுவதும் மத்திய அரசுக்கே.