பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடலாமா? வளர்ச்சி குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பையனுக்கு 10 வயது. உயரம் 128 செ.மீ. பள்ளி வரிசையில் எப்போதும் முதல் ஆள் இவன்தான். அவன் அப்பா 164 செ.மீ., நான் 152. உயரமாக வளர்வதற்கென்று விற்கும் சத்துப் பானத்தை வாங்கச் சொல்கிறார் மாமியார். வாங்கலாமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: பானம் இருக்கட்டும். போன வருடம் இதே மாதத்தில் அவன் எவ்வளவு உயரம் இருந்தான்? பாதி விடை அதில்தான் இருக்கிறது. நான்கு வயது முதல் பருவ மாற்றம் தொடங்கும் வரை குழந்தைகள் வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வார்கள். உங்கள் பையனும் அப்படி வளர்ந்துகொண்டிருந்தால், வரிசையில் முதலில் நிற்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வருடத்துக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக வளர்கிறான் என்றால், வரிசையின் நடுவில் நிற்கிற பிள்ளையாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பழைய அளவு இல்லையா? பள்ளியில் எடுத்த உடல்நலப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் இன்றே அளந்து தேதியோடு எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கலாம். மாதாமாதம் அளப்பது வீண்வேலை. ஒரு மாத வளர்ச்சி அரை செ.மீ. என்றால், அளப்பதில் வரும் பிழையே அதைவிட அதிகம்.

அளக்கிற விதமும் முக்கியம். செருப்பு, சாக்ஸ் கழற்றி, சுவரோடு நிற்க வையுங்கள். குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை நான்கும் சுவரைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்கட்டும், முகவாய் தூக்கக் கூடாது. தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக அழுத்திப் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு முறை எடுத்துப் பாருங்கள். காலையில் எடுத்தால் அடுத்த முறையும் காலையிலேயே எடுங்கள். நாள் முழுக்க நின்று நடப்பதில் முதுகெலும்புத் தட்டுகள் அழுந்தி, மாலைக்குள் உயரம் ஏறத்தாழ ஒரு செ.மீ. குறைந்துவிடும். (கம்பியில் தொங்கினால் வளரலாம் என்கிறார்களே, அதுவும் இந்தத் தட்டுகள் கொஞ்ச நேரம் விரிவதுதான். எலும்பு நீளாது.)

அடுத்தது பெற்றோர் உயரம். இருவர் உயரத்தையும் கூட்டி, ஆண் பிள்ளை என்றால் 13 சேர்த்து, பெண் பிள்ளை என்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் கணக்கில் 164.5 வருகிறது. இதற்கு மேலும் கீழும் 8 செ.மீ. வரை பிள்ளை வளர வாய்ப்புண்டு. ஆகவே அவன் ஆறடி வளர்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவன் அப்பா எப்போது வளர்ந்தார் என்று மாமியாரிடமே கேளுங்கள். 'பத்தாவது வரை குட்டை, காலேஜ் போன பிறகுதான் விறுவிறுவென்று வளர்ந்தான்' என்று சொன்னால், பையனும் தாமதமாக மலர்கிற ரகமாக இருக்கலாம். இடது கை மணிக்கட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரியும். வயது 10, எலும்பின் வயது 8 என்று வந்தால், வளர்வதற்கு இன்னும் கூடுதல் காலம் கையிருப்பில் இருக்கிறது. ஆனால் தைராய்டு சுரப்பு, வளர்ச்சி ஹார்மோன் குறைந்தாலும் எலும்பின் வயது பின்தங்கும். அதனால் வளர்ச்சி வேகமும் குறைவாக இருந்தால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

இப்போது பானம். அதில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும். பத்து வயதில் ஒரு நாளைக்குத் தேவைப்படும் புரதம் சுமார் 32 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் 6, ஒரு பிடி கொண்டைக்கடலையைச் (50 கிராம்) சுண்டல் செய்தால் 9 அல்லது 10. மீதி சோற்றிலும் சாம்பாரிலும் வந்துவிடும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். இந்த வயதுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். ட்யூஷன், டிவி, வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிற பிள்ளைக்கு எந்த டப்பாவும் ஈடு செய்யாது.

கேள்வி: மகளுக்கு 8 மாதம். ஆறு மாதத்தில் 7 கிலோ இருந்தாள், இப்போதும் 7 கிலோதான். தாய்ப்பாலோடு தினமும் மூன்று வேளை கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிறேன். எங்கே தவறு?
- வாசகி, விழுப்புரம்

பதில்: 7 கிலோ குறைவான எடை இல்லை. இரண்டு மாதம் அசையாமல் நிற்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்த வயதுப் பெண் குழந்தை மாதம் சுமார் 300 கிராம் கூட வேண்டும். முதலில், இரண்டு எடையும் ஒரே தராசில், உடையில்லாமல் எடுத்ததா என்று பாருங்கள். அங்கன்வாடித் தராசுக்கும் மருந்துக்கடைத் தராசுக்கும் கால் கிலோ வித்தியாசம் வருவதுண்டு.

எடை சரியென்றால் கஞ்சிக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் கஞ்சி தண்ணீராக இருக்கிறது. 'தொண்டையில் சிக்கிக்கொள்ளும்' என்ற பயத்தில் வடிகட்டி, பால்புட்டியில் ஊற்றும் அளவுக்கு நீர்க்க வைக்கிறார்கள். குழந்தையின் வயிறு சின்னது. தண்ணீரிலேயே நிறைந்துவிட்டால் சத்துக்கு இடமேது? ஸ்பூனைச் சாய்த்தால் கஞ்சி உடனே வழியக் கூடாது, அதுதான் பதம். அந்தக் கெட்டியில் அரைக் கிண்ணம் (125 மி.லி.), மூன்று வேளை. ஒவ்வொரு வேளையும் ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் 45 கலோரி கூடும். ஒரு வேளையாவது கஞ்சிக்குப் பதில் பருப்புச் சாதம் மசித்தது, மறுவேளை முட்டை அல்லது மீன்.

கெட்டியாகக் கொடுத்தால் துப்புகிறாளா? முளைகட்டிய மாவு கைகொடுக்கும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, ஒன்றரை நாள் முளைவிட்டதும் காயவைத்து, லேசாக மட்டும் வறுத்து அரையுங்கள். சிவக்க வறுத்தால், கஞ்சியை இளக்குவதற்கென்று முளையில் உண்டான நொதி செத்துப்போகும், பலன் இருக்காது. சாதாரண மாவில் கெட்டிக் கஞ்சி காய்ச்சி இறக்கி, கொதி அடங்கிச் சூடு சற்றுத் தணிந்ததும் அரை டீஸ்பூன் முளைமாவைத் தூவிக் கிளறுங்கள். சில நிமிடங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி இளகிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுக்கலாம். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம், தேன் கூடவே கூடாது.

இரண்டு வாரம் இப்படிக் கொடுத்தும் எடை நகரவில்லை என்றால் மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். வெளியே தெரியாத சிறுநீர்த் தொற்று பெண் குழந்தைகளின் எடையைப் பிடித்து வைக்கும். இடையில் காய்ச்சலோ, பால் குடிக்க மறுப்பதோ இருந்தால் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: 10 மாதப் பேரன் இன்னும் தவழவில்லை. வாக்கர் வாங்கலாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வேண்டாம். கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. படியில் உருண்டு தலையில் அடிபடுவது ஒரு காரணம். நடையும் அதனால் சீக்கிரம் வராது. கால்விரலால் தள்ளிப் பழகும் குழந்தைக்குத் தன் எடையைத் தாங்கி நிற்கும் பயிற்சி கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் தவழும் வயது 5 மாதம் முதல் 13½ மாதம் வரை விரிந்திருக்கிறது. தவழாமலே நடந்த குழந்தைகளும் உண்டு. பேரன் ஆதரவில்லாமல் உட்காருகிறானா, இரண்டு கையையும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறானா என்று பாருங்கள். இரண்டும் உண்டென்றால் தரையில் பாயை விரித்து விடுங்கள், போதும். அவனே எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு நம் பழைய மர நடைவண்டியைத் தள்ளட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். 18 மாதத்திலும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: மகள் 11 வயதில் பெரியவளாகிவிட்டாள். உயரம் 146 செ.மீ. இனி வளரவே மாட்டாளா? தினமும் உளுந்தங்களியும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கச் சொல்கிறார்கள்.
- வாசகி, மதுரை

பதில்: வளர்வாள், ஆனால் அதிகமில்லை. பெண்களின் வேகமான வளர்ச்சி முதல் மாதவிடாய்க்கு முன்பே நடந்துவிடுகிறது. அதன் பிறகு பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ., சிலருக்கு இன்னும் சற்று. 11 வயது என்பது முன்கூட்டியே வந்ததும் அல்ல. 8 வயதுக்கு முன் மார்பக வளர்ச்சி தொடங்கினால்தான் அப்படிச் சொல்வோம்.

உளுந்தங்களி நல்லது, கொடுங்கள். முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். பச்சை முட்டையால் கிருமித் தொற்று வரலாம், புரதமும் வெந்த முட்டையில்தான் நன்றாகச் சேரும். இனி மாதாமாதம் ரத்தம் போவதால் இரும்புச்சத்துதான் பெரிய விஷயம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரையைப் பிள்ளைகள் குமட்டுகிறது என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரைக்கும் டீ, காபிக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, 58 கிலோ. ஒரு வருடமாக நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழுகிறார். 'வயசானா இப்படித்தான்' என்கிறார். அப்படியா?
- வாசகர், திருச்சி

பதில்: வயதும் ஒரு காரணம், அது மட்டுமே அல்ல. கையில்லாத, கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள், அருகிலேயே நில்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனாலோ, முடியாமலே போனாலோ தொடைத் தசை இளைத்திருக்கிறது. 90 வயதைத் தொட்டவர்களுக்கும் எடைப் பயிற்சியால் தசைவலு கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, 68க்கு என்ன?

அதே நாற்காலியில் ஒரு தலையணை போட்டு இருக்கையை உயர்த்துங்கள். 8 முறை எழுந்து உட்காருவது ஒரு சுற்று. இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானதும் தலையணையை எடுத்துவிடுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 10 முறை. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் இந்தத் தசைக்கு அது மட்டும் போதாது.

சாப்பாட்டில் அவருக்கு நாளுக்கு 58 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு இட்லி, சட்னி என்று முடிக்கிறவராக இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்: சட்னிக்குப் பதில் கெட்டியான பருப்புச் சாம்பார், கூடவே ஒரு முட்டை அல்லது ஒரு டம்ளர் பால். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறார் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். அது குறைந்தாலும் கால் தள்ளாடும். எழும்போது தலை சுற்றினால் ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மருத்துவரிடம் சொல்லிச் சரிபார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.