தொழிலில் ஒழுக்கம் பார்த்தால் நஷ்டம்தானே?

சட்டத்தை மீறாமல் இருந்தால் போதாதா, அதற்கு மேல் ஒழுக்கம் பார்த்தால் நஷ்டம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொங்குப் பக்கம் சின்னதாக ஒரு மரச்செக்கு நடத்துகிறேன். தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன்.

எண்ணெய் சூடானால் விரியும். இதை வைத்துச் சில நிறுவனங்கள் பாக்கெட்டில் '60 டிகிரியில் ஒரு லிட்டர்' என்ற மாதிரி அச்சடித்து விற்றன. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம் இருக்கும், 60 டிகிரியில் 893 கிராம்தான். அச்சடித்ததில் பொய் இல்லை. ஆனால் யார் வீட்டு அடுக்களை அலமாரி 60 டிகிரியில் கொதிக்கிறது? வெப்பநிலை போடாமல் அளவை அச்சிடச் சொல்லி மத்திய அரசு 2022இல் உத்தரவு போட்டது. அதுவரைக்கும் எண்ணெய் குறைந்த நஷ்டம் வாங்கியவர் தலையில்தான் விழுந்தது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு மழைக்காலத்தில் பத்து மூட்டை நிலக்கடலைப் பருப்பு வந்து இறங்கியது. மேலாக நல்ல பருப்பு, அடியில் ஈரம். கையை விட்டு அள்ளினால் பச்சைப் பூஞ்சை. அந்தப் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். சமையல் சூட்டுக்கு அது முழுதாக அழியாது. ரீஃபைண்ட் எண்ணெயில் சுத்திகரிக்கும்போது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயை நாங்கள் வண்டல் படியவைத்து அப்படியே தருகிறோம், அதனால் பருப்பில் இருப்பதில் ஒரு பங்கு எண்ணெயிலும் இருக்கும். மீதி புண்ணாக்கில் தங்கிவிடும். அதை மாடு தின்றால் பாலிலும் வரும். எங்களிடம் புண்ணாக்கு வாங்கும் அக்கா அந்தத் தெருவுக்கே பால் ஊற்றுகிறவர்.

நல்ல பருப்போடு கலந்து ஆட்டியிருந்தால் நிறத்திலோ வாசனையிலோ ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. என்னை உறுத்தியது அதுதான். பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாதவர் என்னை நம்பித்தானே பாட்டிலை நீட்டுகிறார்?

மூன்று நாள் நான்கு பேரை உட்காரவைத்துப் பொறுக்கினோம். ஒன்றரை மூட்டை கழிந்தது. கழிவையும் விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார், அது எங்கே போகும் என்று தெரிந்ததால் கொடுக்கவில்லை. குழி வெட்டிப் புதைத்தோம். கூலியும் சேர்த்து அந்த மாதம் நஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை.

அப்புறம் வாங்குகிற முறையை மாற்றினேன். இப்போது மூட்டையைக் கொட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். நன்றாகக் காயவைத்துக் கொண்டுவரும் விவசாயிக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கிறேன். அந்த இரண்டு ரூபாய் எண்ணெய் விலையிலும் ஏறுகிறது. ஏன் என்று கேட்கிறவர்களிடம் காரணத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பாதிப் பேர் வாங்குகிறார்கள், மீதிப் பேர் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.