அந்த ஜன்னல் கதையைச் சொன்னீர்களா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 46 வயது. மதுரையில் இருக்கிறோம். கணவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர். ஒரே மகன், 16 வயது. போன மாதம் 40,000 ரூபாய்க்கு போன் கேட்டான். இருக்கிற போனே நன்றாகத்தான் வேலை செய்கிறது. "எங்க அம்மா ஒரு முட்டையை நூலால் அறுத்து எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி வைப்பாங்க. தீபாவளிக்கு எங்க எல்லாருக்கும் ஒரே துணியில்தான் சட்டையும் பாவாடையும்" என்று ஆரம்பித்தேன். "அதுக்கு நான் என்னம்மா பண்றது?" என்றான். கை நீட்டிவிட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நண்பர்களையும் வீட்டுக்குக் கூட்டி வருவதில்லை. 1988இல் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் டி.வி.யில் 'ஒளியும் ஒலியும்' சினிமாப் பாட்டு நிகழ்ச்சி பார்த்தவள் நான். ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அப்படி வளர்ந்த எனக்கு இப்படி ஒரு பிள்ளையா?

- பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

முட்டைக் கதையை அவன் பலமுறை கேட்டிருப்பான். ஜன்னல் கதையைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பட்ட கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். பட்ட அவமானத்தைச் சொல்வதில்லை. அவனுக்குப் புரியக்கூடியது அதுதான். அன்று கம்பியை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தபோது உங்களுக்குத் தொண்டையில் என்ன அடைத்ததோ, அது இப்போது அவனுக்கும் அடைக்கிறது.

அப்போது போன் இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஸ்கூட்டருக்கும் கேஸுக்கும் அப்படித்தான். பணம் இருந்தவர்களும் காத்திருந்ததால், இல்லாதது அவ்வளவாக உறுத்தவில்லை. 1991இல் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு கடைகளில் பொருள் குவிந்தது, அப்புறம் மாதத் தவணை வந்தது. நீங்கள் எட்டிப்பார்த்த டி.வி.யை உங்கள் மகன் பிறந்த சமயத்தில் அரசாங்கமே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று ஒரு பொருள் இல்லை என்றால், அது அந்த வீட்டின் குறையாகவே பையன்களுக்குப் படுகிறது. அவன் பேராசைக்காரன் இல்லை, சகோதரி. நண்பர்கள் நடுவில் குறைந்துபோகக் கூடாது என்று நினைக்கிறான்.

அதற்காக 40,000 ரூபாய் போனை வாங்கித் தரச் சொல்லவில்லை. முதலில், அடித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். "ஆனால் நீ பேசினது..." என்று பின்னால் ஒட்ட வேண்டாம். பிறகு ஒரு நாள் ஜன்னல் கதையைச் சொல்லுங்கள், "அதனால நீயும்" என்று முடிக்காமல். அவன் ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

மாதக் கணக்கு நோட்டை உங்கள் கணவரே அவன் முன் விரிக்கட்டும். சம்பளம், வாடகை, டியூஷன் ஃபீஸ், மருந்துச் செலவு எல்லாம் அவன் பார்க்கட்டும். 'பணம் இல்லை' என்று பொதுவாகச் சொல்வதற்கும் மிச்சம் எவ்வளவு என்று காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கணக்கைக் காட்டும்போது அவனையும் பெரியவனாக மதிக்கிறீர்கள்.

நண்பர்களை அழைத்து வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். என்றைக்காவது ஒருவன் வந்தால் டீ கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேச விட்டுவிடுங்கள்.